முன்பின் தெரிந்தவர்கள்

மாதாமாதம் நான் வாங்கிய சீசன் டிக்கெட்டை, ஆபீஸ் போய்வருவதற்கான கட்டணம் என்றே ரயில்வேக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களைத் திருத்தவில்லை. குரோம்பேட்டையில் வீடு, பாரிமுனையில் ஆபீஸ். ஆபீஸில் செய்த வேலைக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வழியில் பார்த்த வேடிக்கைக்கு நான் சந்தா கட்டினேன். கணக்குப் பார்த்தால் சந்தாதான் லாபம்.

எனக்கு இது பிறவிக் குணம். சினிமாவில் கதாநாயகன் அழும்போது எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள். நான் அவருக்குப் பின்னால் நிற்கிற கூட்டத்தில் மூன்றாவது ஆளைப் பார்ப்பேன். அவர் தானும் அழவேண்டும் என்பதை மறந்து கேமராவையே பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டியதும் எல்லோர் கையும் மேடைப் பக்கம் அட்சதை வீசும். மேடை வரைக்கும் போகத் தெம்பில்லாத அட்சதை நடுவழியில் யார் வழுக்கையில் இறங்குகிறது, அவர் திரும்பி யாரைச் சந்தேகப்படுகிறார் என்பதில்தான் என் கவனம் இருக்கும். மாப்பிள்ளையைப் பிறகு ஆல்பத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

"அப்படி என்னதான் பாக்கறீங்க? அவங்க மூஞ்சியில எழுதியா ஒட்டியிருக்கு?" என்பாள் என் மனைவி.

எழுதித்தான் ஒட்டியிருக்கிறது. எழுத்து ரொம்பப் பொடி. அதனால்தான் உற்றுப் பார்க்கவேண்டியிருக்கிறது.

இதை முறையாகச் செய்து பேர் வாங்கியவர்கள் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ழார்ழ் பெரெக், 1974 அக்டோபரில் மூன்று நாள், பாரீஸில் சேன் சுல்பீஸ் சதுக்கத்துக் காப்பிக் கடைகளில் உட்கார்ந்து கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார். அங்கே பெரிய தேவாலயம் இருக்கிறது, போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. அதைப் பற்றியெல்லாம் எழுத ஆள் இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டார். ஒன்றுமே நடக்காதபோது என்ன நடக்கிறது என்பதுதான் அவர் கவலை. 63ஆம் நம்பர் பஸ் போகிறது. புறாக்கள் பறக்கின்றன. 96 போகிறது. பையோடு ஒருவர் போகிறார். மறுபடி 63. இதைப் புத்தகமாகவே போட்டுவிட்டார்கள்.

படித்ததும் எனக்குக் கை அரித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாம்பலம் ஸ்டேஷன் வாசலில், ரங்கநாதன் தெருவின் வாயில் கூட்டம் நுழைகிற இடத்தில், நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றேன். முதல் வரி எழுதி முடிப்பதற்குள் பக்கத்துப் பிளாட்பாரக் கடைக்காரர் வந்துவிட்டார்.

"சார், கடையை எல்லாம் எடுக்கச் சொல்லப் போறாங்களா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. எதிர்க் கடையில் போய் ஏதோ சொல்ல, அந்த வரிசை முழுவதும் ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. கொய்யாப்பழம் விற்கிறவர் ஒரு பழத்தைப் பிளந்து மிளகாய்ப்பொடி தூவி, காசு வேண்டாம் என்று நீட்டினார். ஒரு பெரியவர் மெட்ரோ ரயில் எந்தப் பக்கமாகத் தோண்டப் போகிறது என்று கேட்டார். ஒரு பாட்டி நேராக விஷயத்துக்கே வந்தாள். "மூணு மாசமா முதியோர் பணம் வரல தம்பி. எழுதிக்க." பெயர், கணவர் பெயர், தெரு, எல்லாம் சொன்னாள். எழுதிக்கொண்டேன். வேறென்ன செய்வது? நம் ஊரில் நின்றுகொண்டு எழுதுகிறவன் சர்க்கார் ஆள். பெரெக்கிடம் மூன்று நாளில் ஒரு மனுகூட வந்ததாகத் தெரியவில்லை. பாட்டியின் மனுவை மறுநாள் தாலுகா ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீங்க யாரு சார் இதுக்கு?" என்று அங்கே கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

வாக்கர் எவன்ஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் இன்னும் தந்திரசாலி. 1938லிருந்து 1941 வரை நியூயார்க்கின் பாதாள ரயிலில், கோட்டுக்குள் கேமராவை மறைத்து, பொத்தான்களுக்கு நடுவே லென்ஸ் எட்டிப் பார்க்கும்படி வைத்து, எதிரே உட்கார்ந்தவர்களைப் படம் பிடித்தார். கோட்டுக் கைக்குள்ளே ஓர் ஒயர் ஓடும். அதை அமுக்கினால் படம். இதுவும் நமக்கு ஒத்துவராது. மே மாதச் சென்னையில் கோட்டு போட்டுக்கொண்டு மின்சார ரயிலில் ஒருவன் ஏறினால், பெட்டி முழுக்க அவனைத்தான் பார்க்கும். யாராவது எழுந்து அவனுக்கு ஃபேனுக்குக் கீழே இடம் கொடுப்பார்கள். காய்ச்சல்காரன் என்று.

எர்விங் காஃப்மன் என்று கனடாவில் பிறந்த ஒரு சமூகவியல் அறிஞர். பொது இடத்தில் அந்நியர்கள் எதிர்ப்பட்டால் என்ன செய்யவேண்டும் என்பதற்கு 1963இல் ஓர் இலக்கணம் எழுதினார். ஒரு தரம் பார்க்கவேண்டும், நீ இருப்பது எனக்குத் தெரியும் என்பதற்காக. உடனே பார்வையை விலக்கிக்கொள்ளவேண்டும், உன்னிடம் எனக்கு ஒரு வேலையும் இல்லை என்பதற்காக. எதிரே வருகிற வண்டிக்காக ஹெட்லைட்டைத் தாழ்த்துவது போல என்றார். பாவம், அவர் நம் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்ததில்லை. அங்கே இன்றுவரை யாரும் யாருக்காகவும் விளக்கைத் தாழ்த்தியதில்லை. கண் விஷயத்திலும் அப்படித்தான். ஒருவர் நம்மைப் பார்த்தால் நாமும் பார்ப்போம். அவர் விலக்கிக்கொண்டால், ஏன் விலக்கிக்கொண்டார் என்று இன்னும் கொஞ்சம் பார்ப்போம்.

ஆனால் ரயிலுக்குள் வேறு இலக்கணம் நடக்கிறது. யாரும் எழுதிவைக்காதது.

கைக்குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் பீச்சில் வண்டி வந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் கம்பிகளுக்குள் கைக்குட்டைகள் பறக்கும். விழுந்த இடம் போட்டவருக்குச் சொந்தம். முத்திரைத்தாள் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது. ஒரு முறை ஒருவர் அவசரத்தில் சீப்பைப் போட்டார். பல் உடைந்த சீப்பு. அவர் கதவு வழியாக முட்டி மோதி வந்து சேரும்வரை அந்தச் சீப்புக்கு இரண்டு பக்கமும் மனிதர்கள் மரியாதையாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் அரையடி வரப்புக்காகக் கூடப்பிறந்த அண்ணன்மீது செங்கல்பட்டு கோர்ட்டில் கேஸ் நடத்துகிறவர். அதையும் அன்றைக்குத்தான் போனில் உரக்கப் பேசிக்கொண்டு வந்தார். சீப்பை அவரும் தொடவில்லை.

அடுத்தது நாலாவது ஆள். மூன்று பேர் உட்காருகிற பெஞ்சுக்கு முன்னால் ஒருவர் வந்து நிற்பார். "கொஞ்சம்" என்பார். அவ்வளவுதான், மேற்கொண்டு வினைச்சொல் கிடையாது. மூவரும் நகர்வார்கள். ஆனால் ஒவ்வொருவரும் நகர்கிற விதம் வேறு. ஒருவர் உட்கார்ந்த இடம் அசையாமல் தோளை மட்டும் நகர்த்துவார். ஒருவர் தான் நகராமல் மடியிலிருந்த பையை நகர்த்துவார். மூன்றாமவர் பெருமூச்சு விடுவார். அதில் கிடைக்கிற இடத்தில்தான் நாலாவது ஆள் உட்காரவேண்டும். பீச்–தாம்பரம் பாதையில் 1931லேயே மின்சார ரயில் விட்டுவிட்டார்கள், மீட்டர் கேஜில். 2004இல் கடைசி மீட்டர் கேஜ் வண்டியும் போய் முழுக்க அகலப் பாதை ஆயிற்று. தண்டவாளங்களுக்கு நடுவில் 67.6 சென்டிமீட்டர் கூடியது. நாலாவது ஆளுக்கு அதில் ஒரு விரற்கடைகூட வந்து சேரவில்லை. அன்றும் இன்றும் ஒரு தொடைக்கு இடம், மறு தொடைக்கு நம்பிக்கை.

இதில் நான் ரசிப்பது அடுத்த கட்டத்தை. மாம்பலத்தில் "கொஞ்சம்" என்று கெஞ்சி உட்கார்ந்தவர், கிண்டியில் இன்னொருவர் வந்து "கொஞ்சம்" என்றதும், பெஞ்சின் பூர்வகுடியாக மாறி, "எங்க சார் இடம் இருக்கு?" என்று சீறுவார். பழைய மூவரும் வாயே திறக்கமாட்டார்கள். அவர்களுக்காக வாதாட ஆள் கிடைத்துவிட்டதே.

வீட்டுக்குத் திரும்புகிற பெண்கள் வண்டியிலேயே காய் நறுக்கிவிடுவார்கள். மடியில் செய்தித்தாள், கையில் சின்னக் கத்தி. சைதாப்பேட்டையில் ஆரம்பித்தால் பீன்ஸ் மீனம்பாக்கத்தில் முடியும். கீரை ஆய்வதென்றால் தாம்பரம் வரைக்கும் போகும். வாழைப்பூவோடு ஒருத்தர் ஏறினார் என்றால் செங்கல்பட்டுக்காரர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒரு நாள் ஓர் அம்மாள் முளைக்கீரைக் கட்டைப் பிரித்தார். பக்கத்தில் இருந்தவர் கல்லூரிப் பெண் மாதிரி இருந்தார்; காதில் பாட்டு. பாட்டை நிறுத்தவில்லை, அந்த அம்மாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கை மட்டும் நீண்டு ஒரு பிடி கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தது. அந்த அம்மாளும் இது எதிர்பார்த்ததுதான் என்பதுபோல் தாளை இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கமாக விரித்தார். பல்லாவரம் வந்ததும் அந்தப் பெண் கையைத் தட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நன்றியா, விடையா, ஒன்றும் இல்லை. எனக்குத்தான் எழுந்து கைதட்டவேண்டும் போலிருந்தது. நாலாவது ஆளாக உட்கார்ந்திருந்ததால் எழுந்தால் இடம் போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, தூங்குகிறவரை ஒப்படைக்கிற காட்சி. தாம்பரத்தோடு நிற்காமல் செங்கல்பட்டு வரை போகிற வண்டி ஒன்றில், பார்க் ஸ்டேஷனில் ஒரு பையன் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான். தோளில் பெரிய சதுரப் பை, கண்ணில் இரண்டு ஷிப்ட்டின் சிவப்பு.

"சார், பெருங்களத்தூர் வந்தா எழுப்பி விடுறீங்களா?"

நான் அதற்கு மூன்று ஸ்டேஷன் முன்னாலேயே இறங்குகிறவன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் தலை என் தோளுக்கு வந்துவிட்டது. குறட்டை எழும்பூரில் ஆரம்பித்தது.

ஆபீஸில் ஒரு ஸ்டேப்ளரை அடுத்தவரிடம் ஒப்படைப்பதற்கே மூன்று பிரதிகளில் கையெழுத்து வாங்கியவன் நான். இங்கே ஒரு முழு ஆள். பல்லாவரம் தாண்டியதும் எதிரே இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"நான் குரோம்பேட்டை. இவர் பெருங்களத்தூர்."

அவர் ஏன், எதற்கு, நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று எதுவும் கேட்கவில்லை. "நான் தாம்பரம்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "பரவால்ல, அந்தம்மா வண்டலூர் போறாங்க. இறங்கறப்ப சொல்லிடறேன்."

அந்தம்மா பூக்கட்டிக்கொண்டிருந்தார். விரல் நிற்காமல் தலையை மட்டும் ஆட்டினார். நான் என் தோளைப் பைய உருவ, எதிரே இருந்தவர் அந்தப் பையனின் பையையே தூக்கித் தலைக்கு அணை கொடுத்தார். பையன் கண் திறக்கவில்லை. தன் பெயரில் மூன்று பேருக்கு நடுவே ஓர் அரசாணை போய்க்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது. நான் இறங்கி பிளாட்பாரத்தில் நின்று, வண்டி போகிறவரை பார்த்தேன்.

எழுப்பினார்களா? இதுதான் இந்தப் பொழுதுபோக்கின் சங்கடம். ஒரு கதையும் முழுசாகக் கிடைக்காது. எல்லாம் நடுவில் ஆரம்பித்து நடுவிலேயே இறங்கிவிடும். பக்கத்து ஸீட்காரர் போனில் சீரியல் பார்ப்பார். நான் பார்ப்பது தெரிந்ததும் கௌரவமாக போனை என் பக்கம் கொஞ்சம் சாய்த்துக் கொடுப்பார். மாமியார் பாலில் எதையோ கலக்குகிற கட்டத்தில் திரிசூலம் வரும். அவர் போனை மூடிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார். பாலை யார் குடித்தார்கள் என்று தெரியாமல் எத்தனையோ ராத்திரி நான் பாலே குடிக்காமல் படுத்திருக்கிறேன்.

என் மனைவியின் முறை வேறு. அவள் கேட்டுவிடுவாள். ஒரு முறை இருவரும் மாம்பலத்துக்குத் துணி எடுக்கப் போனோம். எதிரே ஒரு வயதான தம்பதி, நடுவில் பெரிய பித்தளை அண்டா. அண்டாவுக்குள் ஒரு சுருட்டிய பாய், பாய்க்குள் ஒரு குடை. நான் சும்மா இருப்பேனா? குடும்பம் பிரிந்து பாகம் வாங்கிக்கொண்டு போகிறார்களா? கோவில் காரியமா? அவர் முகத்தில் இருந்த கோபம் அண்டாவின் மேலா, அம்மாவின் மேலா? மூன்று விதமாகக் கதை கட்டி, எது பொருந்தும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திரிசூலத்தில் என் மனைவி, "என்னக்கா, அண்டா கனமா இருக்குமோ?" என்றாள். பரங்கிமலைக்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது: இரண்டாவது பெண்ணின் கிரகப்பிரவேசம், மருமகன் சுபாவம், அண்டா யார் வீட்டுச் சீர், ஆட்டோக்காரர் கேட்ட ரேட். குடை மழைக்காக. என் மூன்று கதைகளும் இதைவிட நன்றாக இருந்தன என்று இப்போதும் சொல்வேன்.

ஆகவே நான் கேட்பதில்லை. பேர் வைப்பதோடு சரி. என் பெட்டியில் வழக்கமாக வருகிறவர்களுக்கு எல்லாம் என்னிடம் பேர் உண்டு. 'கதவோரம்' என்று ஒருவர். பெட்டி காலியாக இருந்தாலும் கதவில்தான் நிற்பார். 'வரேம்மா' என்று ஒருவர். பீச்சிலிருந்து இறங்குகிறவரை போனில் அந்த ஒரு வார்த்தைதான் பேசுவார். எனக்கு ரொம்ப நெருக்கமானவர் 'எட்டு மடிப்பு'. எதிர் ஜன்னலோரம். எவ்வளவு நெரிசலிலும் காலைப் பேப்பரை சாயங்காலம் படிப்பார். பாதியாக, அதில் பாதியாக, அதிலும் பாதியாக மடித்து, உள்ளங்கை அகலத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு முகமாகத் திருப்பித் திருப்பிப் படிப்பார். ஒரு செய்தியின் தலைப்பும் உடலும் வேறு வேறு மடிப்பில் இருந்தால் தலைப்பை ஞாபகம் வைத்துக்கொள்வார் போலும், கண்ணை மூடித் திறப்பார். பல வருஷம் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அவர் இரண்டு நாள் வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வந்ததும் ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டேன்.

இதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. ஸ்டான்லி மில்கிராம், மின்சார அதிர்ச்சி கொடுக்கச் சொல்லி மனிதர்களின் கீழ்ப்படிதலைச் சோதித்தாரே, அவரேதான். 1972இல் இந்தப் பக்கம் வந்தார். ரயிலுக்குக் காத்திருந்தவர்களைப் படம் எடுத்து, தலைக்குத் தலை நம்பர் போட்டு, பிறகு அதே பயணிகளிடம் கொடுத்து, யார் யாரைத் தெரியும் என்று கேட்கவைத்தார். சராசரியாக ஆளுக்கு நான்கு முகங்கள் தேறின: தினமும் பார்க்கிற, ஒரு நாளும் பேசாத முகங்கள். பேசாமலிருப்பது பகை அல்ல, அதுவே ஓர் உறவு என்றார் மில்கிராம். இன்னொன்றும் சொன்னார். அப்படிப் பேசாமலே பார்த்துக்கொள்கிற இருவர் வழக்கமான இடத்தைவிட்டு எவ்வளவு தூரம் தள்ளிச் சந்திக்கிறார்களோ, அவ்வளவுக்கு அவர்கள் பேசிவிடுகிற வாய்ப்பு அதிகம். எவ்வளவு தூரம் என்று கிலோமீட்டரில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். திருப்பதி போதும்.

திருமலையில் வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் கூடம் கூடமாக அடைத்து உட்காரவைப்பார்கள். அந்தக் கூடத்துக்கும் பேர் கம்பார்ட்மெண்ட்தான். என் தலை அப்போது மொட்டை. வேண்டுதல் மனைவியுடையது, முடி என்னுடையது. எதிரே இன்னொரு மொட்டை, சந்தனத்தோடு. அந்தக் காதுகளை எங்கோ பார்த்திருக்கிறேன். அவரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பால் கொடுத்தார்கள், குடித்தோம். உப்புமா கொடுத்தார்கள், தின்றோம். சந்தேகம் தீரவில்லை. கடைசியில் அவர் பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்தார். பாதியாக மடித்தார். அதைப் பாதியாக. அதையும்.

"சார்! பீச்–தாம்பரம்!" என்று கத்திவிட்டேன்.

"அட! அஞ்சு அம்பது வண்டி!" என்று எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

ஏழுமலை தாண்டித்தான் நாங்கள் பேசவேண்டும் என்று இருந்திருக்கிறது. பிறகு அணை உடைந்த மாதிரி பேச்சு. அவர் மனைவி, "யாருங்க?" என்றார்.

"நான் சொல்வேன்ல, ட்ரெயின்ல எதிர ஒருத்தர்னு…"

"ஓ, அந்த முழிக்கிறவரா!"

என் மனைவி சிரித்த சிரிப்பில், பக்கத்திலிருந்தவர்கள் கதவு திறந்துவிட்டார்கள் என்று நினைத்து கோவிந்தா போட்டார்கள்.

அவர் வீட்டில் நான் ஒரு தொடர்கதையாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். கீரைக்காகக் கண் கலங்கியது, சீப்பைப் பார்த்துச் சிரித்தது, கிண்டி வந்ததும் வாய் லேசாகத் திறந்துகொள்வது, ஒன்று விடாமல் அவர் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. "அன்னிக்குத் தூங்கற பையனை ஒப்படைச்சிட்டு இறங்கி, பிளாட்பாரத்துலேயே நின்னுட்டிருந்தீங்களே சார்!" என்றார்.

நான் அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். "அப்புறம் என்ன ஆச்சு? அவனை எழுப்பினாங்களா?"

"நான் சானடோரியத்துல இறங்கிட்டேனே சார்" என்றார். அவர் குரலிலும் அதே வருத்தம்.

திங்கட்கிழமை சாயங்காலம் பீச்சில் அதே பெட்டி, அதே எதிரெதிர் ஜன்னல், இரண்டு மொட்டை. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இப்போது பேசினால் நாளையும் பேசவேண்டும். நாளை பேசினால் ஓய்வு பெறுகிறவரை பேசவேண்டும். அவர் பேப்பரை எப்போது படிப்பது, நான் எப்போது முழிப்பது? பக்கத்திலிருந்தவர் அவரிடம், "திருப்பதியா சார்?" என்றார். ஆமாம் என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்களும் சேர்ந்துதான் போனீங்களா?" என்றார்.

"இல்ல" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில். பேப்பர் மடிய ஆரம்பித்தது. அந்த ஒரு 'இல்ல'யில் எங்களுக்கு ரொம்ப நாள் சிநேகிதம் உறுதியானது.

ஆனால் பெண்கள் மில்கிராமைப் படித்ததில்லை. திருமலையிலேயே நம்பர் வாங்கிக்கொண்டார்கள். தினமும் போன். எனக்கு எதிரே மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பற்றிய செய்திகள் சானடோரியம் போய், அங்கிருந்து குரோம்பேட்டை வந்து, ராத்திரி சாப்பாட்டோடு எனக்குப் பரிமாறப்பட்டன. மூத்தவனுக்கு வரன் பார்க்கிறார்கள். அவருக்கு முட்டிவலி. அப்புறம் ஒரு நாள், "அவருக்குச் சுகர் எறநூத்தி நாப்பதாம்ங்க. அக்கா அழறாங்க."

என் கொழுப்புக் கணக்கும் இதே பாதையில் அங்கே போயிருக்கிறது என்பதை, மறுநாள் நான் சமோசாக்காரரைக் கூப்பிட்டபோது பேப்பருக்கு மேலே எழுந்த அவருடைய இரண்டு கண்களில் தெரிந்துகொண்டேன். வாங்காமல் விட்டேன்.

சில நாள் கழித்து, சேத்துப்பட்டு தாண்டியதும், அவர் இரண்டு சமோசா வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோனார். நான் முழித்தேன், பேருக்கு ஏற்றபடி. சமோசா அந்தரத்தில் நின்றது. அவர் சமோசாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையில் ஃபேனைப் பார்த்தார். பிறகு ஒன்றைப் பேப்பரின் எட்டாவது மடிப்பில் வைத்து என் பக்கம் நீட்டினார். எடுத்துக்கொண்டேன். அவர் கிழக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டும் நான் மேற்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டும் கோடம்பாக்கத்துக்குள் முடித்துவிட்டோம்.

ராத்திரி என் மனைவி சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். "இன்னிக்கு ட்ரெயின்ல அவர் ஏதாவது சாப்பிட்டாராங்க? அக்கா கேக்கச் சொன்னாங்க."

"வெள்ளரிக்காய்" என்றேன். "உப்புகூடப் போடல."

அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து என் எதிரே நின்றாள்.

"நீங்களும் வெள்ளரிக்காய்தான் சாப்பிட்டீங்கன்னு அவரும் சொல்லியிருக்கார். அதுவும் உப்பு போடாமயாம். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கறதில்லைன்னு சொன்னீங்க?"